பிறர் நிலத்தில் வேட்டை: ஹிதாயாவும் இங்கிலாந்தின் சட்டமும்

அரபிக் கல்லூரிகளில் ஹிதாயா பாடம் நடத்துவோர் வணிக இயலின் இறுதியில் வரும் சில்லறை மஸ்அலாக்களைப் பெரும்பாலும் விரைந்து கடந்துவிடுவதுண்டு. தேர்வு நெருங்கும் காலத்தில் அவற்றுக்கு நேரம் வாய்ப்பதில்லை. நின்று நிதானித்துப் படிக்க வேண்டிய மஸ்அலா ஒன்று அங்கே இருக்கிறது. ஒருவருடைய நிலத்தில் பறவை குஞ்சு பொரித்தால் அக்குஞ்சு யாருக்கு உரியது? நிலத்துக்காரருக்கு அன்று, அதை முதலில் பிடித்தவருக்கே உரியது என்கிறார் இமாம் புர்ஹானுத்தீன் அல்மர்கீனானி (மறைவு ஹிஜ்ரி 593, கி.பி. 1197). அங்கு இடப்பட்ட முட்டைக்கும், அந்நிலத்தில் வந்து பதுங்கிய மானுக்கும் இதுவே சட்டம்.

இமாம் அவர்கள் கூறும் காரணம் எளிமையானது. வேட்டைப் பிராணி எவருக்கும் சொந்தமற்ற ‘முபாஹ்’ பொருள். அதன்மீது முதலில் கை வைத்தவர் உரிமையாளராகிறார். நிலம் வேட்டைக்கென்று ஆயத்தப்படுத்தப்பட்டதன்று. காயப்போட்ட வலையில் தற்செயலாகப் பிராணி சிக்கினால், வலை தன்னுடையது என்பதற்காக வலைக்காரர் அதற்கு உரிமை கோர முடியாது, நிலமும் அப்படித்தான். ஆனால் தேனீக்கள் ஒருவர் நிலத்தில் கூடு கட்டினால் அந்தத் தேன் நிலத்துக்காரருக்கே சேரும். காரணம், தேன் அந்நிலத்தின் விளைச்சலாகக் கணக்கிடப்படுகிறது. தானாக முளைத்த மரத்தையும், வெள்ளம் கொண்டுவந்து சேர்த்த வண்டலையும் போல. ஓடுவதும் பறப்பதும் விளைச்சல் ஆகா.

ஷாஃபிஈ மத்ஹபிலும் இதற்கு நெருங்கிய முடிவு உண்டு. ஒருவருடைய நிலத்தில் வேட்டைப் பிராணி சேற்றில் சிக்கி எளிதில் பிடிபடும் நிலைக்கு வந்தாலும், அதனால் மட்டுமே நிலத்துக்காரர் அதற்கு உரிமையாளராகிவிட மாட்டார் என்பதே சரியான கருத்து என இமாம் நவவி (மறைவு ஹிஜ்ரி 676) மின்ஹாஜில் எழுதுகிறார்.

அப்படியானால் யார் வயலிலும் யாரும் புகுந்து வேட்டையாடலாமா? கூடாது. பிறர் உடைமையை அவர் அனுமதியின்றிக் கையாளலாகாது என்பது பொது விதி. உஸ்மானிய அரசு 1869 முதல் 1876 வரை தொகுத்து வெளியிட்ட மஜல்லாவின் 96ஆம் விதியாகவும் அது இடம்பெற்றிருக்கிறது. ஆக, இங்கே இரண்டு கேள்விகள் தனித்தனியே நிற்கின்றன. பிராணி யாருடையது என்பது ஒன்று. நிலத்தில் கால்வைக்க யார் அனுமதிக்க வேண்டும் என்பது மற்றொன்று. அத்துமீறி நுழைந்ததற்கு வேட்டைக்காரர் பொறுப்பாளி. ஆயினும் பிடித்தது அவருடையதே. ரோமானியச் சட்ட அறிஞர் காயுஸும் கி.பி. இரண்டாம் நூற்றாண்டிலேயே இவ்வாறுதான் பிரித்தார். தன் நிலமாயினும் பிறர் நிலமாயினும் பிடித்தவருக்கே பிராணி. ஆனால் நுழைய வருபவரைத் தடுக்க நிலத்துக்காரருக்கு உரிமை உண்டு என்றார் அவர்.

இவ்விரண்டையும் கலந்துவிட்டால் என்ன நேரும் என்பதை இங்கிலாந்தின் வரலாற்றில் காணலாம். அந்நாட்டை இங்கே எடுத்துக்கொள்வதற்கு ஒரு பொருத்தம் உண்டு. வங்காளத்தில் நீதி வழங்கவேண்டியிருந்த கம்பெனி அதிகாரிகளுக்காக, வாரன் ஹேஸ்டிங்ஸின் ஏற்பாட்டில், சார்லஸ் ஹாமில்டன் ஹிதாயாவைப் பாரசீகப் பெயர்ப்பு வழியாக ஆங்கிலத்தில் ஆக்கினார். 1791இல் இலண்டனில் அது வெளிவந்தபோது, அந்நாட்டு உழவர் தம் வயலில் ஓடும் முயலைத் தாமே பிடிக்க முடியாத நிலையில் இருந்தார்.

1671ஆம் ஆண்டின் வேட்டைச் சட்டம் அதற்குக் காரணம். நிலத்திலிருந்து ஆண்டுக்கு நூறு பவுன் வருமானமுடைய சொந்த நிலக்காரர், நூற்றைம்பது பவுன் வருமானமுடைய நீண்டகாலக் குத்தகைதாரர், உயர்குடியினரின் மூத்த வாரிசுகள் போன்ற சிலருக்கே வேட்டையாடும் தகுதியை அது அளித்தது. நாடாளுமன்றத் தேர்தலில் மாவட்ட உறுப்பினருக்கு வாக்களிக்க இரண்டு பவுன் நிலவருமானம் போதுமாயிருந்தது. முயலைப் பிடிக்க அதுபோல் ஐம்பது மடங்கு வேண்டும்! பிளாக்ஸ்டோன் போன்ற சட்ட மேதையே இதைக் கடிந்து எழுதினார். தகுதியற்றவர்களின் வீடுகளில் புகுந்து துப்பாக்கி, வலை, நாய் ஆகியவற்றைப் பறிமுதல் செய்யும் அதிகாரமும் பிரபுக்களின் வேட்டைக் காவலர்களுக்குத் தரப்பட்டது. இரவில் திருட்டு வேட்டையாடியவர்கள் ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட்டதும் உண்டு. தோட்டங்களில் கம்பி இழுத்துக் கட்டி, கால்பட்டால் தானே வெடிக்கும் துப்பாக்கிகளை வைக்கும் கொடுமை 1827இல்தான் தடைசெய்யப்பட்டது.

1831ஆம் ஆண்டுச் சட்டம் சொத்துத் தகுதியை நீக்கியது. உரிமச்சீட்டு பெற்ற எவரும் நிலத்துக்குரியவரின் அனுமதியோடு வேட்டையாடலாம் என்றாயிற்று. பகலில் அனுமதியின்றி நுழைந்தால் இரண்டு பவுன் வரை அபராதம். கேட்பதற்கு நேர்மையாகத் தோன்றும். ஆனால் யாருடைய அனுமதி? நிலக்கிழார் குத்தகைப் பத்திரத்தில் வேட்டை உரிமையைத் தமக்கென ஒதுக்கி வைத்திருந்தால், பயிரிடும் குடியானவர் கொடுக்கும் அனுமதி செல்லாது. அவரே சுட்டாலும் அபராதம் உண்டு. குத்தகையும் கட்டி, இளம்பயிரையும் கிழங்கையும் முயல்கள் தின்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பதே அவருக்கு விதிக்கப்பட்டது.

1865இல் பிரபுக்கள் சபையில் ஒரு வழக்கு தீர்ந்தது. எக்ஸெட்டர் பிரபுவின் நிலத்தில் திருட்டுத்தனமாகப் பிடிக்கப்பட்ட குழிமுயல்கள் ஒரு வியாபாரியின் கைக்கு வந்தன. பிரபுவின் ஆட்கள் அவற்றைப் பறித்துக்கொண்டனர். வியாபாரி வழக்குத் தொடுத்துத் தோற்றார். அத்துமீறியவர் ஒருவர் நிலத்தில் கொன்ற பிராணி அந்நிலத்துக்கு உரியவருடையதே என்பது தீர்ப்பு. இதற்கு நியாயம் இல்லாமலில்லை. குற்றம் செய்தவர் அதன் பயனை அடையக் கூடாதல்லவா? ஆயினும் ஹிதாயாவின் வழியே தெளிவானது என்பது என் கருத்து. அது அத்துமீறலைத் தனியே கண்டிக்கிறது. முயலை நிலத்தோடு கட்டிவைப்பதில்லை. கட்டிவைத்த இடத்தில், பயிர் தின்னும் முயலும் பிரபுவின் சொத்தாகிவிடுகிறது. இழப்பு மட்டும் உழவருக்கு.

கிளாட்ஸ்டன் அமைச்சரவை 1880இல் கொண்டுவந்த சட்டம் இதைத்தான் அவிழ்த்தது. காட்டு முயலையும் குழிமுயலையும் கொல்லும் உரிமை, பயிரிடுபவரிடமிருந்து பிரிக்க இயலாதது என அது அறிவித்தது. அவ்வுரிமையை விட்டுக்கொடுப்பதாக அவர் கையொப்பமிட்டாலும் அந்த ஒப்பந்தம் செல்லாது. தொழுதுகொண்டேனும் நிலம் பெறவேண்டியவரிடம் கையொப்பம் வாங்குவது எவ்வளவு எளிது என்பதை அறிந்தவர்கள் எழுதிய விதி அது. பிறரை அனுமதிப்பதற்கும் வரம்பு உண்டு. எழுத்து மூலமே அனுமதிக்க வேண்டும். துப்பாக்கியால் சுடத் தம்மையன்றி ஒருவரை மட்டுமே அமர்த்தலாம். கேட்டால் அவர் அந்தச் சீட்டைக் காட்ட வேண்டும்.

நம் நாட்டில் முயல் வேட்டை 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நிலத்துக்காரர் இசைவு தந்தாலும் அது மாறாது என்பதை மாணவர்களுக்கு இந்த மஸ்அலாவோடு சேர்த்தே சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் இன்றும் வேட்டைக்குச் செல்பவர் உழவரின் வாசலில் நின்று அனுமதி கேட்கிறார். அனுமதி கிடைத்த பிறகும், கவுதாரியைச் சுடும் உரிமை உழவருடையதா, பத்திரத்தில் நிலக்கிழாருக்கென ஒதுக்கப்பட்டதா என்று அவர் விசாரித்தாக வேண்டும்.