கிழார் என்னும் பெயர்

ஊர்ப்பெயர் குடிப்பெயராதலும், குடிப்பெயர் ஒருவர்க்கே உரிய இயற்பெயர்போல வழங்குதலும் தமிழ்நாட்டிற் பண்டுதொட்டுக் காணப்படுவன. இதனை உணராவிடிற் புலவர் வரலாற்றிற் பிழை நேரும். அதனை விளக்குதற்குக் ‘கிழார்’ என முடியும் பெயர்களை ஈண்டு ஆராய்வாம்.

கிழமை என்பது உரிமை. ஓர் ஊரின்கண் நிலவுரிமை உடையார் அவ்வூர் கிழார் எனப்பட்டனர். கோவூர் கிழார், ஆலத்தூர் கிழார் முதலிய சங்கப் புலவர் பெயர்கள் இத்தகையன. கோவூர் கிழார் சோழர் தம்முள் மூண்ட பகையைத் தணிக்க முயன்றவர்; மலையமான் மக்களை யானைக் காலினின்றும் மீட்கப் பாடியவர். இத்துணைப் பெருமையுடையார்க்கும் பெற்றோர் இட்ட பெயர் மறைய, ஊர்ப்பெயரே எஞ்சியது.

அவ்வூர் யாது? தொண்டைநாட்டிற் குன்றத்தூர்க்கு அணித்தே ஒரு கோவூர் உளது. ஆயினும், பெயரொற்றுமை ஒன்றே கொண்டு அதுவே புலவர் ஊர் எனத் துணிதல் சாலாது. ஆவூர் என்னும் பெயர், பசுபதீச்சரம் விளங்கும் சோழநாட்டு ஊர்க்கும் புதுக்கோட்டைப் பக்கத்து ஓர் ஊர்க்கும் பொதுவாதல் காண்க.

சோழர் கல்வெட்டுக்கள் இவ்விடர்ப்பாட்டைப் பெரிதும் நீக்குவன. மண்டலமும் கோட்டமும் ஊரும் முறையே கூறிப் பின்னரே ஆள்பெயர் கூறுதல் அவற்றின் இயல்பு. முதற் குலோத்துங்கன் படைத்தலைவனாகிய நரலோகவீரன் அரும்பாக்கிழான் எனப்படுவன். அரும்பாக்கம் என்னும் ஊர்ப்பெயர் கிழான் என்பதனோடு புணர்ந்து ஈறு குறைந்து நின்றமை நோக்கத்தக்கது.

இனிப் பெரியபுராண ஆசிரியர் பெயரை நோக்குவாம். சேக்கிழார் என்பது அவர் குடிப்பெயர், இயற்பெயர் அருண்மொழித்தேவர். அநபாயனாகிய இரண்டாம் குலோத்துங்கன் (கி.பி. 1133–1150) அவர்க்கு உத்தம சோழப் பல்லவன் என்னும் பட்டம் அளித்தான் என உமாபதி சிவாசாரியார் பெயரால் வழங்கும் சேக்கிழார் புராணம் கூறும். அவனை அடுத்து ஆண்ட இரண்டாம் இராசராசன் காலத்துத் திருமழபாடிக் கல்வெட்டொன்று, புலியூர்க் கோட்டத்துக் குன்றத்தூர்ச் சேக்கிழான் மாதேவடிகள் இராமதேவனான உத்தமசோழப் பல்லவராயனைக் குறிக்கின்றது. ஊர் ஒன்று, குடி ஒன்று, பட்டமும் ஒன்று. அதுபற்றி இவரே புராண ஆசிரியர் என்பாரும், அவர் உறவினர் என்பாரும் உளர்.

ஊரும் குடியும் அக்குடியிற் பிறந்தார் யாவர்க்கும் பொது. பட்டமோ ஒரு குடியிற் பலர்க்கும் வழங்கப்படலாம். ஒருவரைப் பிறரினின்றும் பிரித்துக் காட்டுவது இயற்பெயரே; அஃது ஈண்டு ஒவ்வவில்லை. ஆதலின், இக்கல்வெட்டாற் பெறப்படுவது குன்றத்தூர்ச் சேக்கிழார் குடி அக்காலத்தே அரசியலிற் சிறந்து நின்றது என்னும் அளவே. இருவரும் ஒருவரே எனத் துணிதற்கு இராமதேவன், அருண்மொழித்தேவர் என்னும் இரு பெயரையும் இணைக்கும் சான்று வேண்டும். அஃதின்றிப் பொதுப்பெயரைச் சிறப்புப்பெயராகக் கொள்வோமாயின், ஒருவர் வரலாற்றை மற்றொருவர்மேல் ஏற்றியவராவோம். இருவர்க்கும் ஒருங்கே தவறிழைத்தவருமாவோம்.