மா. கிருஷ்ணனின் கேமரா

முதல் டி.எஸ்.எல்.ஆர். வாங்குவோர் இன்று எதிர்கொள்ளும் முதல் தடை, எந்த லென்ஸ் எந்த கேமராவில் பொருந்தும் என்பதே. 1959இல் வெளிவந்த நிக்கான் எஃப் ஒரே பொருத்துவாயில் பல லென்ஸ்களை மாற்ற வழிசெய்தது. ஆனால் ஒரு நிறுவனத்தின் வாய் மற்றொன்றின் லென்ஸை ஏற்பதில்லை.

அ. மாதவையாவின் மகனும் இயற்கையியலாளருமான மா. கிருஷ்ணன் (1912–1996) இவ்வேலியை மதிக்கவில்லை. ஒரு நிறுவனத்தின் கேமரா உடல், வேறொன்றின் டெலி லென்ஸ், எஞ்சிய உறுப்புகளுக்குத் தம் கைவண்ணம். அக்கலவைக்கு அவர் இட்ட பெயர் ‘சூப்பர் பாண்டரோசா’. பெயரிலேயே பளு தெரிகிறது! நேரு ஆய்வுநல்கை பெற்று, 1968 முதல் தீபகற்ப இந்தியாவின் பாலூட்டிகளை ஆராய்ந்த அவருக்குப் படம் அலங்காரமன்று, சான்று. வண்ணப்படம் பரவிய பின்னரும் அவர் கறுப்பு வெள்ளையிலேயே நின்றார். தமிழ்த்துறைகள் தந்தையைப் படிக்கின்றன. ‘மழைக்காலமும் குயிலோசையும்’ எழுதிய மகனை ஏனோ அரிதாகவே.