பால்மரத்து விறகு

பிரேசில் தேசத்து ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர் வழியாகப் மலாயாவின் பேராக் மாநிலத்திலுள்ள கோலகங்சாருக்கு வந்து ஊன்றப்பட்டது, ஹியூ லோ அங்கே பிரிட்டிஷ் ரெசிடெண்டாகப் பதவியேற்ற 1877ஆம் ஆண்டிலேயாகும். அம்மரத்தின் பாலைப் பற்றி எழுதாத மலாயா சரித்திரமில்லை. அதன் விறகைப் பற்றி எழுதியவர்களோ அபூர்வம். ஆயினும், ஈப்போவைச் சுற்றியும் சுங்கை சிப்புட் பக்கத்திலும் பரந்து கிடந்த தோட்டங்களில், கங்காணிமார் அழைத்துவரக் கடல் கடந்து வந்த நம் ஜனங்களுக்கு, விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்குப் போகிறவர் குடிக்கும் காப்பி முதல் பிள்ளை பெற்றவளுக்கு ஊற்றும் வெந்நீர் வரையில், யாவும் அவ்விறகைக் கொண்டே ஆயின.

பால்மரம் என்று நம்மவர் அழைக்கும் அந்த ரப்பர் மரம் வெளிறிய நிறமும் நடுத்தரமான கனமும் உடையது. அதில் மாவுச்சத்தும் சர்க்கரையும் மிகுந்திருப்பதால், வெட்டிப்போட்ட சில நாட்களுக்குள்ளேயே பூஞ்சணம் பற்றி நீலம் பாய்ந்துவிடும், வண்டும் துளைக்கும். ஆகையால், மழை ஓயாத அப்பிரதேசத்தில், கட்டையை உடனே கோடாலியால் பிளந்து, மண்ணில் படாதவாறு லயம் என்னும் வரிசைக் குடியிருப்பின் இறவாணத்தடியில் காற்று நுழையக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, இரண்டு துண்டுகளை மோதினால் கணீரென்று ஒலிக்கும் பதம் வந்த பிறகே அடுப்பில் வைப்பார்கள். ஈர விறகின் சூட்டில் ஒரு பாகம் அதன் நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகும், மிஞ்சுவது கண்ணெரிச்சல்.

ரப்பர் தகடுகளை உலர்த்தும் புகைக்கூடத்திலோ நியாயம் வேறு. அங்கே சூட்டோடு புகையும் அவசியம். புகையிலுள்ள சத்துக்களே தகட்டில் பூஞ்சணம் ஏறாமல் தடுப்பவை. வெப்பம் அறுபது பாகை செல்சியசை மிகவும் மீறினால் தகட்டினுள் குமிழிகள் தோன்றும். குறைந்தால் ஈரம் தங்கும். பல நாட்கள் இரவும் பகலும் விறகைத் தள்ளியும் இழுத்தும் அந்நெருப்பை ஒரே நிதானத்தில் காத்தவனுடைய கைப்பக்குவத்தால் விளைந்த தகட்டையே, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மாசும் குமிழியும் இல்லையென்று முதல் தரத்தில் சேர்த்தார்கள். அவனை எந்த ஏட்டில் எழுதி வைத்தார்கள்?

கடலோரத்து மாத்தாங் சதுப்புக்காட்டின் பாக்கவ் மரம் பால்மரத்தைவிடக் கனமானது, அதிகச் சூடு தருவது. முப்பது ஆண்டுச் சுழற்சியில் வெட்டப்பட்டுக் கோல செப்பேத்தாங் சூளைகளில் இன்றும் கரியாகிறது. தோட்டத்து ஜனங்களுக்கு வாய்த்ததோ, மறுநடவுக்காகச் சாய்க்கப்பட்ட முதிய பால்மரமும், காற்றில் ஒடிந்த கிளைகளுமே.

பிற்பாடு அடுப்புக்கு எரிவாயு வந்தது, பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. பால்மரக் கட்டை இப்போது நாற்காலியும் மேசையுமாகிக் கப்பலேறுகிறது. அறுத்த பலகைக்குத் தாமதமின்றிப் போரான் மருந்து ஏற்றி உலர்த்தாவிட்டால் நீலம் பாயும் என்பது அத்தொழிலின் முதற்பாடம். அதற்கு வெகு காலம் முன்பே, வெட்டிய கட்டையைக் காலம் தாழ்த்தாமல் பிளந்து அடுக்கியவர்கள் லயத்துப் பெண்கள்.