தூபகலசமும் கடிந்துரையும்: நாளாகமத்தில் உசியாவின் வீழ்ச்சி

பெருமையைக் குறித்த வேதாகம எச்சரிக்கை என்றதும் பிரசங்கங்களில் யூதாவின் உசியா ராஜாவின் பெயர் வந்துவிடும். பலப்பட்டான், மனமேட்டிமை கொண்டான், குஷ்டரோகியானான் என்று கதை சுருக்கமாக முடிந்துவிடும். ஆனால் 2 நாளாகமம் 26ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்தால், மேட்டிமைக்கும் தண்டனைக்கும் நடுவே ஓர் இடைவெளி இருப்பது புலப்படும். நாளாகம ஆசிரியர் கற்பிக்கும் தாழ்மை அந்த இடைவெளியில்தான் இருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

2 இராஜாக்கள் 15இல் இதே அரசன் அசரியா என்ற பெயரில் வருகிறான். கர்த்தர் அவனை வாதித்தார் என்று மட்டும் அந்நூல் சொல்கிறது, காரணம் சொல்லவில்லை. நாளாகமமோ அவனுடைய 52 ஆண்டு ஆட்சியை விரித்து எழுதுகிறது. 16 வயதில் அரசனானவன் பெலிஸ்தியரின் காத், யப்னே, அஸ்தோத் அலங்கங்களை இடிக்கிறான். எருசலேமின் மூலைவாசலிலும் பள்ளத்தாக்கு வாசலிலும் கோபுரங்கள் கட்டுகிறான். வனாந்தரத்தில் துரவுகள் வெட்டுகிறான். அம்பும் பெருங்கல்லும் எறியும் யந்திரங்களை மதில்மேல் நிறுத்துகிறான். இவற்றில் எதையும் ஆசிரியர் குறைகூறவில்லை. பயிர்த்தொழிலின்மேல் அரசனுக்கு இருந்த பிரியத்தைக்கூட அன்போடு குறிப்பிடுகிறார். இத்தனையும் தேவன் துணைநின்றதால் கூடிவந்தவை என்பதே அவர் பார்வை. பெற்ற உதவியைத் தன் சொந்தப் பலமாக எண்ணத் தொடங்கும் இடத்தில் சறுக்கல் ஆரம்பமாகிறது.

பின்பு ஆலயக் காட்சி. ஆசாரியருக்கு மட்டுமே உரிய தூபப் பணியைச் செய்ய அரசன் உள்ளே நுழைகிறான். அசரியா என்றே பெயர்கொண்ட ஆசாரியன் ஒருவன் வேறு 80 ஆசாரியரோடு பின்தொடர்ந்து போய், வெளியே போகும்படி முகத்துக்கு நேரே சொல்கிறான். அந்த நிமிஷம்வரை அரசனுக்கு ஒன்றும் நேரவில்லை. தூபகலசம் கையில் இருக்கிறது; திரும்பிப் போக வழியும் திறந்திருக்கிறது. அவனோ கோபங்கொள்கிறான். அந்தக் கோபத்தின் நடுவில்தான் நெற்றியில் நோய் தோன்றுகிறது. இந்த வரிசை தற்செயலானதாக இருக்க முடியாது. நாளாகமத்தில் தண்டனைக்கு முன் எச்சரிப்பு வருவதை வேதாகம ஆய்வாளர் சாரா யாப்பேத் விரிவாகக் காட்டியிருக்கிறார். அதோடு ஒன்றைச் சேர்க்கலாம்: எச்சரிப்புக்குக் கிடைக்கும் பதிலே இங்கே முடிவைத் தீர்மானிக்கிறது.

நாளாகமத்தில் வரும் மற்ற யூதா அரசர்களும் இதை உறுதிப்படுத்துகிறார்கள். ஆசா தன்னைக் கடிந்துகொண்ட ஞானதிருஷ்டிக்காரன் அனானியைக் காவலில் வைக்கிறான். பின்னர் அவன் கால்களில் நோய் காண்கிறது. ரெகொபெயாம் தீர்க்கதரிசி செமாயாவின் வார்த்தைக்குப் பணிகிறான். எகிப்தின் அரசன் சீஷாக்கின் கையில் எருசலேம் முற்றிலும் அழியாமல் தப்புகிறது. எல்லாவற்றையும்விட முக்கியமானவன் எசேக்கியா. நோயிலிருந்து குணமானபின் அவனுடைய இருதயமும் உயர்ந்தது, தேவகோபமும் மூண்டது. ஆயினும் அவன் தன்னைத் தாழ்த்தினான். அந்தக் கோபம் அவன் நாட்களில் வந்து இறங்கவில்லை. அதே பாவம், வேறு முடிவு. மேட்டிமை மட்டுமே அழிவை நிச்சயிக்குமானால் எசேக்கியாவை எப்படி விளக்குவது?

ஆனால் நோயாளி எவரையும் பார்த்து இது உன் பெருமைக்குக் கிடைத்த கூலி என்று சொல்ல இந்தப் பகுதி இடந்தருவதில்லை. அப்படிச் சொன்னவர்களால் தொழுநோயாளிகள் பட்ட துயரம் கொஞ்சமல்ல. ஓர் அரசனின் ஆலய மீறலைப் பற்றிய சாட்சியை உலகத்து நோய்களுக்கெல்லாம் விதியாக்குவது வாசிப்புப் பிழை மட்டுமல்ல, கொடுமையும்கூட.

இனி ஒரு வலுவான எதிர்வாதம். ஆலயத்தையும் அதன் ஊழியரையும் உயர்த்திப் பிடிக்கும் நூல் இது. ஆகவே உசியாவின் கதை ஆசாரியரின் அதிகாரத்தைக் காக்க எழுதப்பட்டது, தாழ்மை என்பது குருமாருக்குக் கீழ்ப்படிவதற்கு இன்னொரு பெயர் என்று வாதிடலாம். ஆலய ஒழுங்கின்மேல் ஆசிரியருக்குள்ள அக்கறையை மறுப்பதற்கில்லை. ஆனால் யோசியாவின் முடிவு இந்த வாதத்துக்குள் அடங்காது. நியாயப்பிரமாண நூலின் வார்த்தைகளைக் கேட்டு வஸ்திரத்தைக் கிழித்துத் தன்னைத் தாழ்த்திய அரசன் அவன். அடுத்த அதிகாரத்திலேயே மெகிதோவில் எகிப்தின் அரசன் நேகோ அவனைத் தடுத்து எச்சரிக்கிறான். யோசியா செவிகொடாமல் போருக்குப் போய் மடிகிறான். நேகோவின் சொற்கள் தேவனுடைய வாயிலிருந்து வந்தவை என்று ஆசிரியர் துணிந்து எழுதுகிறார். 2 இராஜாக்கள் 23இல் அந்த எச்சரிப்பே இல்லை. ஆசாரியரின் மேன்மைக்காக மட்டும் எழுதுகிறவர், தேவனுடைய கடிந்துரையை ஓர் அந்நிய அரசனின் வாயில் வைத்திருக்கமாட்டார்.