பிள்ளைக்கு எந்தக் கார்? ஒரு பழைய விவாதத்தின் வரலாறு

வெஸ்ட்மீட், வென்ட்வேர்த்வில் பக்கத்து எங்கட வீடுகளில், பிள்ளை சிவப்புப் 'பி' பலகை எடுக்கும் வயதுக்கு வந்தால் ஒரு விவாதம் கட்டாயம் தொடங்கும். "எப்படியும் எங்கேயாவது கொண்டுபோய் இடிக்கத்தான் போறான், பழசொண்டு காணும்" என்பார் அப்பா. "இல்லை, பெரிய காரா எடுங்கோ, இடிபட்டாலும் பிள்ளைக்கு ஒண்டும் நடக்காது" என்பார் அம்மா. பிள்ளைக்கோ வேகமாகப் பாயும் கார் வேண்டும். என் வீட்டிலும் இதே கதைதான். இந்த மூன்று கருத்துகளுக்கும் பின்னால் வரலாறு இருக்கிறது.

முதலில் அப்பாவின் பக்கம். அவர் வளர்ந்த யாழ்ப்பாணத்தில் ஒஸ்டின் ஏ40, மொரிஸ் மைனர் போன்ற 1950களின் கார்கள் பல பத்தாண்டுகள் ஓடின. 1990இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் கிடைக்காமல் போனபோது, சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தால் அது நல்ல கார். அங்கே அந்த அளவுகோல் சரியானது. இங்கே நூறு கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் எம்4 நெடுஞ்சாலைக்கு அது மட்டும் போதாது.

அவுஸ்திரேலியாவும் இதைப் பட்டுத்தான் படித்தது. 1948 நவம்பர் 29இல் பிரதமர் பென் சிஃப்லி மெல்பேர்ணில் முதல் ஹோல்டன் காரை அறிமுகப்படுத்தினார். விலை 733 பவுண். சீற் பெல்ற் கிடையாது. கார்கள் பெருகின, சாவுகளும் பெருகின. 1970இல் மட்டும் 3,798 பேர் வீதிகளில் இறந்தார்கள். அந்த ஆண்டின் இறுதியில்தான் விக்டோரியா மாநிலம், உலகிலேயே முதன்முறையாக, சீற் பெல்ற் அணிவதைக் கட்டாயமாக்கியது. அடுத்த ஆண்டு நியூ சவுத் வேல்ஸும் பின்தொடர்ந்தது. இன்று மக்கள்தொகை இரண்டு மடங்காகியும், ஆண்டுச் சாவுகள் அன்றைய எண்ணிக்கையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான்.

அம்மா சொல்லும் "பெரிய, பலமான கார்" பற்றி, பொறியியல் படித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்லவேண்டும். மோதும்போது காரின் சக்தி எங்காவது போயாக வேண்டும். முன்பக்கம் நசுங்கினால் அது தகட்டில் செலவாகும். நசுங்காவிட்டால் உள்ளே இருப்பவரின் உடம்பில் இறங்கும். இரண்டு கார்கள் மோதினால் பாரமான கார் ஓரளவு காப்பாற்றும் என்பது உண்மைதான். ஆனால் மரத்தில் மோதினால் பாரம் உதவாது. எதிரே வரும் சின்னக் காரில் இருப்பதும் யாரோ ஒருவருடைய பிள்ளைதான்.

பிள்ளையின் ஆசைக்குச் சட்டமே பதில் சொல்லிவிட்டது. நியூ சவுத் வேல்ஸ் 2005இல் 'பி' பலகை ஓட்டுநர்களுக்கு வி8, டேர்போ எஞ்சின் கார்களைத் தடைசெய்தது. 2014 ஓகஸ்டில் விதி மாறியது: ஒரு தொன் எடைக்கு 130 கிலோவாட்டுக்கு மேல் சக்தியுள்ள கார் கூடாது.

பழைய காரா, புதிய காரா என்ற கேள்விக்கு 2017இல் ஒரு பரிசோதனை நடந்தது. வாகனப் பாதுகாப்பைச் சோதிக்கும் அன்காப் அமைப்பு, 1998இல் செய்த கொரோலாவையும் 2015இல் செய்த கொரோலாவையும் 64 கிலோமீற்றர் வேகத்தில் நேருக்கு நேர் மோதவிட்டது. பழையதற்கு 16க்கு 0.40 புள்ளி, புதியதற்கு 12.93. பெயர் ஒன்றுதான், இடைவெளி 17 ஆண்டுகள். 2000ஆம் ஆண்டிலும் அதற்கு முன்பும் செய்த கார்கள் அப்போது நாட்டின் கார்களில் 20 வீதம்தான், ஆனால் உயிர்ச்சேத விபத்துகளில் அவற்றின் பங்கு 36 வீதம் என்றும் அன்காப் சொன்னது.

வீட்டில் யாருக்கு அனுபவம் குறைவோ, அவருக்குத்தான் வீட்டின் மிகப் பழைய கார் போகிறது. இதுதான் எனக்குச் சரியாகப் படாதது.

அதற்காகப் புத்தம் புதுக் கார் கேட்டு அடம்பிடிக்க வேண்டாம். காரின் அளவைவிட, அது எந்த ஆண்டில் செய்தது என்று பாருங்கள். வழுக்கும்போது தேவையான சில்லுக்கு மட்டும் தானாகவே பிரேக் போட்டுக் காரை நேராக்கும் ஈ.எஸ்.சி. என்ற தொழில்நுட்பம், 2011 நவம்பரிலிருந்து இங்கே அறிமுகமான புதிய பயணிகள் கார் மாடல்களுக்கும், 2013 நவம்பரிலிருந்து எல்லாப் புதிய பயணிகள் கார்களுக்கும் கட்டாயம். மொனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உண்மையான விபத்துகளின் தரவுகளை வைத்துப் பாவித்த கார்களுக்குப் பாதுகாப்புத் தரம் போடுகிறார்கள். விலை குறைந்த சின்னக் கார்களிலும் நல்ல தரம் பெற்றவை உண்டு.

அடுத்தமுறை விவாதம் தொடங்கும்போது அந்தப் பட்டியலை அப்பா, அம்மாவுக்கு நடுவில் வையுங்கள். மலிவாக வேண்டும் என்ற அப்பாவுக்கும், பிள்ளைக்கு ஒன்றும் நடக்கக்கூடாது என்ற அம்மாவுக்கும் பொருந்தும் ஒரு கார் அதில் கிடைக்கக்கூடும். வேகம் கேட்ட நீங்கள்தான் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்.