வெறும் 60 வார்த்தைதானே?

ஆராய்ச்சிக் கட்டுரையில் யாரோ ரெண்டு பாராவைச் சுட்டுட்டாங்கன்னு கேள்விப்பட்டா, "டேட்டா அவங்களோடதுதானே, வார்த்தையில என்ன இருக்கு?"ன்னு நம்மில் பலர் கேட்போம். இன்னிக்கு நான் சொல்லப்போற கதையிலும் அப்படித்தான் ஆரம்பிச்சது.

1978 நவம்பர். ஹெலெனா வாக்ஸ்லிக்ட்-ராட்பார்ட், அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஓர் இளம் ஆய்வாளர். அனோரெக்ஸியா நோயாளிகளின் ரத்தச் செல்களில் இன்சுலின் எப்படி ஒட்டுகிறது என்று ஆராய்ந்து, 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழுக்குக் கட்டுரை அனுப்புகிறார். இதழ் அதை மதிப்பீட்டுக்காக யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிலிப் ஃபெலிக்குக்கு அனுப்புகிறது. அவர் தன் கீழ் வேலை செய்த விஜய் சோமனிடம் கொடுக்கிறார். யேலிலிருந்து வந்த பதில்: 'பிரசுரிக்க வேண்டாம்.'

கொஞ்ச நாளில் சோமனும் ஃபெலிக்கும் அதே தலைப்பில் வேறொரு இதழுக்குக் கட்டுரை அனுப்புகிறார்கள். அந்த இதழ் மதிப்பீட்டுக்கு யாரிடம் அனுப்பியது தெரியுமா? ராட்பார்டின் மேலதிகாரி ஜெஸ்ஸி ராத்திடம்! அவர் அதை ராட்பார்டிடமே கொடுத்தார். படிக்கப் படிக்க, அவர் எழுதிய வாக்கியங்களே அவரைப் பார்த்து முழிக்கின்றன. சுமார் 60 வார்த்தைகள், கூடவே ஒரு சூத்திரம்.

அவர் புகார் கொடுத்தார். ராத்தும் ஃபெலிக்கும் பால்ய நண்பர்கள். வார்த்தைகளை எடுத்தது தப்புதான், ஆனால் ஆய்வு எங்களுடையது என்றது யேல் தரப்பு. பலருக்கும் அதுவே போதுமானதாக இருந்தது. ராட்பார்ட் மட்டும் விடவில்லை. ஆய்வு உண்மையிலேயே நடந்ததா, மூலத் தரவைக் காட்டுங்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

அந்தத் தணிக்கை நடக்க 1980 பிப்ரவரி வரை ஆனது. ஜெஃப்ரி ஃப்ளையர் என்ற மருத்துவர் யேலுக்குப் போய் நோட்டுகளைக் கேட்டார். இருந்த எண்களும் கட்டுரையில் அச்சான எண்களும் பொருந்தவில்லை. தரவைத் திருத்தியதை சோமனே ஒப்புக்கொண்டார். அவருடைய மற்ற கட்டுரைகளையும் தோண்டியபோது, பத்துக்கும் மேற்பட்டவற்றைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. சோமன் வேலையை விட்டார். அதற்குள் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பெரிய பதவிக்குப் போயிருந்த ஃபெலிக்கும் அந்தப் பதவியை இழந்தார்.

இன்னிக்கு சிமிலாரிட்டி ரிப்போர்ட் 10 சதவீதத்துக்குக் கீழே வந்தா நிம்மதி ஆயிடுறோம். இந்த 60 வார்த்தையை எந்த சாஃப்ட்வேரும் பிடிச்சிருக்காது. ஏன்னா மூலக் கட்டுரை அப்போ வெளியாகவே இல்லை. வாக்கியத்தைத் திருடறவர், அதற்குப் பின்னால் இருக்க வேண்டிய வேலையையும் செய்யாமல் விட்டிருக்கலாம். அந்தச் சந்தேகத்தைத்தான் ராட்பார்ட் விடாமல் பிடித்துக்கொண்டார்.

அவர் சொன்னது சரின்னு நிரூபணமானபோது, அவர் ஆராய்ச்சித் துறையிலேயே இல்லை. அதற்கு முன்பே விலகி, நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவப் பணிக்குப் போய்விட்டார்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.