சக்கரமும் மூன்று பெண்களும்

சென்னையிலிருந்து வேப்பூர் வழியாகத் திருச்சி போகும்போது, ஊர் எல்லை வரவேற்புப் பலகைகளில் ஒரு பல்சக்கரத்தைப் பார்த்திருப்பீர்கள். ரோட்டரி சங்கம்!

1905 பிப்ரவரி 23. சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வக்கீல் மூன்று நண்பர்களோடு சேர்ந்து ஆரம்பித்தது. முறை வைத்து ஒவ்வொருவர் ஆபீஸிலும் கூடியதால் 'ரோட்டரி'. முதலில் ஒருவருக்கொருவர் வியாபாரம் பிடித்துக் கொடுப்பதுதான் வேலை. (பி.காம். படித்த எனக்கு இதில் தப்பே தெரியவில்லை!) சேவை அப்புறம் வந்தது. ஆரம்ப காலச் சேவை என்ன தெரியுமா? சிகாகோவில் பொதுக் கழிப்பறை.

1929-ல் சென்னைக்கும் ரோட்டரி வந்துவிட்டது. ஆனால், எந்த ஊர் சங்கத்திலும் பெண்கள் உறுப்பினராக முடியாது. மனைவிமார்களுக்கு 'இன்னர் வீல்' என்று தனி அமைப்பு இருந்தது, அவ்வளவுதான்.

கலிஃபோர்னியாவில் டுவார்ட்டே என்ற சின்ன ஊர். ஆள் குறைந்து தவித்த அந்த ஊர் சங்கம், 1977-ல் மூன்று பெண்களைச் சேர்த்துக்கொண்டது. தலைமையகத்துக்கு வந்ததே கோபம்! மறுவருஷமே சங்கத்தின் அங்கீகாரம் ரத்து. டுவார்ட்டேகாரர்கள் அசரவில்லை. 'எக்ஸ் ரோட்டரி' என்று பெயர் வைத்துக்கொண்டு, கோர்ட்டுக்குப் போனார்கள்.

பத்து வருஷ இழுபறி. 1987 மே 4-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பெண்களைத் தடுக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. அதுவும் ஏழுக்கு பூஜ்யம்! 1989-ல் ரோட்டரி தன் விதியையே திருத்த, உலகம் முழுக்கக் கதவு திறந்தது. சென்னை சங்கத்துக்கு அப்போது வயது அறுபது.

உலகத் தலைவர் நாற்காலியில் ஒரு பெண், கனடாவின் ஜெனிஃபர் ஜோன்ஸ், உட்கார 2022 வரை ஆனது.